முடி சூடாத நான்கு ஜார்ஜுகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

ஜார்ஜ் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் மன்னர்கள்தாம். 1714 முதல் 1830 வரை 116 ஆண்டுகள், முதலாம் ஜார்ஜ் தொடங்கி நான்காம் ஜார்ஜ் வரை நால்வர் ஒருவர்பின் ஒருவராக இங்கிலாந்தின் அரியணையில் வீற்றிருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மேலும் இருவர் அப்பெயரோடு முடி சூடினர். சென்னையில் கருப்பர் நகரம் என்று வழங்கிய பகுதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. மன்னர்கள் பெயர் நிலைக்க ஊரும் உண்டு, தெருவும் உண்டு, நாணயமும் உண்டு.

ஆனால் ஜார்ஜ் என்னும் சொல்லின் பொருள் என்ன தெரியுமா? அது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. நிலம், வேலை என்னும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர். நிலத்தில் வேலை செய்பவன், அதாவது உழவன் என்பதே அதன் பொருள். அரண்மனையில் ஒலித்த அந்தப் பெயர் உண்மையில் ஏர் பிடித்தவனுடைய பெயர்!

அந்தப் பெயருக்கு உண்மையாகவே பொருந்த வாழ்ந்த நால்வரைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன். ஒருவர் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஒருவர் ரொட்டி சுட்டு விற்றவரின் மகன். ஒருவர் செருப்புத் தைத்தவரின் மகன். ஒருவர் அடிமைத் தாயின் மகன். நால்வருக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆயினும் நால்வரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கும்போது, தனித்தனியே பார்க்கையில் தெரியாத ஓர் உண்மை தெரிகிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுரங்கத்து ஜார்ஜ்

ஜார்ஜ் ஸ்டீவன்சன் 1781-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், வட இங்கிலாந்தில் வைலம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் எந்திரத்துக்குத் தீ மூட்டுபவர். தாய், தந்தை இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. மகனுக்கும் பதினெட்டு வயது வரை தெரியாது. எந்திரத்தை இயக்கும் வேலையில் சேர்ந்த பிறகுதான், கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டி, இரவுப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றார். வருமானம் போதாமல் ஓய்வு நேரத்தில் செருப்புத் தைத்தார். கடிகாரம் பழுது பார்த்தார்.

1814-ஆம் ஆண்டு அவர் தம் முதல் நீராவி எந்திர வண்டியைச் செய்தார். 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஸ்டாக்டன் - டார்லிங்டன் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1830-இல் லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைத்த பாதையும் அவர் கைவண்ணமே. அவர் கைக்கொண்ட 1,435 மில்லிமீட்டர் தண்டவாள அகலத்தில்தான் உலகின் பெரும்பாலான ரயில்கள் ஓடுகின்றன. நம் சென்னை மெட்ரோ ரயிலின் தண்டவாள அகலமும் அதுவே.

இந்த மனிதர் பட்ட அவமானங்கள் கொஞ்சமல்ல. 1815-இல் சுரங்கத்தில் தீ விபத்து நேராமல் காக்கும் ஒரு விளக்கை அவர் செய்தார். அதே சமயத்தில் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியும் அத்தகைய விளக்கொன்றைச் செய்தார். டேவிக்கு 2,000 பவுன் பரிசு கிடைத்தது. ஸ்டீவன்சனுக்கு 100 கினி. அத்தோடு, டேவியின் கருத்தைத் திருடியவர் என்ற பழியும் வந்து சேர்ந்தது. படிக்காத சுரங்கத் தொழிலாளிக்கு இப்படி ஒரு விளக்கைச் சிந்திக்க முடியுமா என்பதே அந்தப் பழிக்கு அடிப்படை. அவர் ஊர்க்காரர்கள் கூடி 1,000 பவுன் திரட்டிக் கொடுத்து அவர் பக்கம் நின்றனர். இருவருக்கும் அதில் சம உரிமை உண்டு என்று நாடாளுமன்றக் குழு ஒன்று ஏற்றுக்கொள்ள 1833 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காற்றாலை ஜார்ஜ்

வெக்டர் பாடத்தில் 'கிரீன் தேற்றம்' படிக்கிறோம் அல்லவா? அந்தக் கிரீன் யார்? ஏதோ ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றுதானே நாம் எண்ணிக்கொள்கிறோம்?

ஜார்ஜ் கிரீன் 1793-இல் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். தந்தை ரொட்டிக் கடைக்காரர். பள்ளிக்குச் சென்றது ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே. பிறகு தந்தையின் கடையில் வேலை. அதன்பின் தந்தை கட்டிய காற்றாலையில் மாவு அரைக்கும் வேலை. காற்று எப்போது வீசுமோ அப்போதெல்லாம் ஆலை ஓடவேண்டும். இரவென்றும் பகலென்றும் பார்க்க முடியாது. இதற்கிடையே, முப்பதாம் வயதில், 1823-இல் அவர் நாட்டிங்காமில் இருந்த ஒரு சந்தா நூலகத்தில் உறுப்பினரானார்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1828-இல் மின்னியல், காந்தவியல் கோட்பாடுகளுக்குக் கணிதப் பகுப்பாய்வைப் பயன்படுத்துவது பற்றிய தம் ஆய்வைத் தம் செலவிலேயே அச்சிட்டார். முன்பணம் கட்டி வாங்கியவர்கள் 51 பேர். விலை ஏழரை ஷில்லிங். வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் நண்பர்கள்; நூலில் உள்ள கணிதம் அவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். லிங்கன் நகருக்கு அருகில் வாழ்ந்த சர் எட்வர்ட் பிராம்ஹெட் என்ற கணித ஆர்வலர். அவர் உடனே கிரீனுக்குக் கடிதம் எழுதினார். இனி எழுதும் கட்டுரைகளை அறிவியல் கழகங்களுக்கு அனுப்பித் தருவதாகக் கூறினார். கிரீன் என்ன செய்தார் தெரியுமா? பெரிய மனிதர் ஏதோ மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார், அதை நம்பிப் பதில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும் என்று எண்ணி, ஏறக்குறைய இரண்டாண்டுகள் பதிலே எழுதவில்லை! 1830-இல்தான் பதில் போயிற்று. அந்தத் தொடர்பால் 1833-இல், நாற்பது வயதில், இளைஞர்களுக்கு நடுவே மாணவராகக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். இறுதித் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1841-இல் தம் 47-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய 1828-ஆம் ஆண்டு நூல் உறங்கிக் கிடந்தது. 1845-இல் வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் (பிற்காலத்தில் கெல்வின் பிரபு) அதைத் தேடிப் பிடித்துப் பாரிஸுக்கு எடுத்துச் சென்று காட்டிய பிறகுதான் உலகம் விழித்தது. இன்று குவாண்டம் இயற்பியல் வரை கிரீன் சார்புகள் இல்லாமல் வேலை நடவாது. ஆனால் அந்த மனிதரின் உருவப்படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்பது எவருக்கும் தெரியாது. அவர் அரைத்த காற்றாலை மட்டும் பழுது பார்க்கப்பட்டு இன்றும் சுழல்கிறது.

செருப்புக் கடை ஜார்ஜ்

ஜார்ஜ் பூல் 1815-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தொழிலைவிடத் தொலைநோக்கி செய்வதில்தான் அவருக்கு ஆசை அதிகம். ஆதலால் வருமானம் குறைவு. உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் சிறுவனுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்தார். கிரேக்கத்தைப் பையன் தானே கற்றான். பதினான்காம் வயதில் அவன் மொழிபெயர்த்த கிரேக்கக் கவிதையொன்று ஊர்ப் பத்திரிகையில் வெளிவந்தபோது, இந்த வயதுப் பையன் இதைச் செய்திருக்க முடியாது என்று சந்தேகித்து எழுதினார் ஒருவர். ஸ்டீவன்சன் மீது சுமத்தப்பட்ட அதே பழி! ஏழை வீட்டுப் பிள்ளை நன்றாகச் செய்தால் முதலில் வருவது பாராட்டு அல்ல, ஐயம்.

பதினாறாம் வயதில் குடும்பச் சுமை தோளில் விழுந்தது. பள்ளி ஆசிரியரானார்; பத்தொன்பதில் தாமே ஒரு சிறு பள்ளி தொடங்கினார். தொழிலாளர் அறிவு பெறுவதற்காக லிங்கனில் தொடங்கப்பட்ட மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற கழகத்தின் நூலகம் அவருக்குக் கிடைத்தது. அங்கே அவருக்குக் கணித நூல்களைக் கடன் கொடுத்து ஊக்கியவர் யார் தெரியுமா? கிரீனுக்குக் கடிதம் எழுதிய அதே பிராம்ஹெட்தான்! ஒரு தனிமனிதர் இரண்டு ஜார்ஜுகளை உலகுக்குத் தந்தார். அவர் பெயர் எந்தத் தேற்றத்திலும் இல்லை.

பூல் கேம்பிரிட்ஜ் சென்று படிக்க எண்ணினார். அவர் சம்பாத்தியத்தை நம்பிப் பெற்றோர் இருந்ததால் இயலவில்லை. ஆயினும் 1844-இல் ராயல் சொசைட்டியின் பதக்கம் பெற்றார். 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகர்க் கல்லூரியில் முதல் கணிதப் பேராசிரியரானார், பட்டம் ஏதும் இல்லாமலே! 1854-இல் சிந்தனை விதிகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது. உண்மை என்றால் ஒன்று, பொய் என்றால் சுழி. இவற்றைக் கொண்டு தர்க்கத்தையே கணக்காக்கினார். 1937-இல் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், மின்சுற்றுகளை அமைக்க இந்தக் கணிதம் பயன்படும் என்று காட்டினார். இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைபேசி வரை எல்லாம் பூல் போட்ட கணக்கில்தான் இயங்குகின்றன.

1864-இல் கொட்டும் மழையில் மூன்று மைல் நடந்து கல்லூரிக்குச் சென்று, நனைந்த உடையோடே பாடம் நடத்தினார். அதனால் வந்த நோயில் டிசம்பர் 8-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 49.

அவர் மனைவி மேரியின் பெரியதந்தை மற்றொரு ஜார்ஜ்: சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் பின்னாளில் தலைமையேற்று நடத்திய இந்திய நில அளவைப் பணி, 1802-இல் நம் பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. பூலின் மகள் அலிசியா பல்கலைக்கழகப் படி ஏறியதில்லை. ஆயினும் நான்கு பரிமாண உருவங்களின் வடிவியலில் புதியன கண்டார். 1914-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. தந்தைக்குப் பட்டமில்லாமலே பேராசிரியர் பதவி கிடைத்தது. மகளுக்கு அந்த வாய்ப்புமில்லை என்பதையும் நம் மாணவியர் கவனிக்க வேண்டும்.

கடலைக் கொல்லை ஜார்ஜ்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. 1864-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், அடிமையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் தாயையும் சேயையும் தூக்கிச் சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது, தாய் மீளவில்லை. 'கார்வர்' என்பது அவரை உடைமையாக வைத்திருந்தவரின் குடும்பப் பெயர். 'வாஷிங்டன்' இடையில் சேர்ந்தது: ஊரில் மற்றொரு ஜார்ஜ் கார்வர் இருந்ததால் கடிதங்கள் மாறிப்போயின, அதைத் தவிர்க்க அவரே சேர்த்துக்கொண்டார். ஆக, அவருக்கென்று சொந்தமாக இருந்தது ஜார்ஜ் என்ற பெயர் ஒன்றுதான். உழவன் என்னும் பெயர்!

அருகில் இருந்த பள்ளியில் கறுப்பினக் குழந்தைகளுக்கு இடமில்லை. பத்து மைல் தொலைவிலிருந்த நியோஷோ என்ற ஊருக்குத் தனியே நடந்தார். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற அம்மையார் தம் வீட்டில் இடம் கொடுத்தார். பின்னர் கன்சாஸில் ஒரு கல்லூரி கடிதத்தைப் பார்த்து இடம் தந்து, ஆளைப் பார்த்து மறுத்தது. ஆண்டுகள் கழித்து, 1891-இல் அயோவா வேளாண் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரானார். 1894-இல் பி.எஸ். பட்டமும் 1896-இல் எம்.எஸ். பட்டமும் பெற்றார். அலபாமாவின் டஸ்கீகி கல்லூரிக்கு அழைக்கப்பட்டு, 1943-இல் இறக்கும் வரை 47 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

பருத்தி, பருத்தி என்று ஆண்டுதோறும் பயிரிட்டு மண் செத்துப் போயிருந்தது. மண்ணுக்குத் தழைச்சத்துத் தரும் வேர்க்கடலையையும் காராமணியையும் மாற்றிப் பயிரிடுங்கள் என்று ஏழைக் குடியானவர்களுக்கு அவர் எடுத்துச் சொன்னார். படிக்க வர இயலாதவர்களுக்காக 1906-இல் குதிரை வண்டியொன்றை நடமாடும் பள்ளியாக்கி ஊர் ஊராக அனுப்பினார். விளைந்த கடலையை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்காக, 105 விதமான சமையல் முறைகளை 1916-இல் எளிய நடையில் எழுதி வெளியிட்டார். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று சிலர் எழுதுவது சரியன்று. அவருடைய பெருமைக்கு அந்தப் பொய் தேவையுமில்லை.

என் தந்தைக்குக் கையெழுத்திட மட்டுமே தெரியும். எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர் மானாவாரிக் கடலைக் கொல்லை. கடலை போட்ட நிலத்தில் அடுத்துப் போடும் கேழ்வரகு செழிப்பாக வரும் என்பதை அவர் அனுபவத்தால் அறிவார். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருகின்றன என்ற காரணத்தை நான் பாடநூலில் படித்தேன். இந்த இரண்டு அறிவுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும் என்று தம் ஆயுளைச் செலவிட்டவர் கார்வர். அவர் பெயரைப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பாதி உண்மையும் மீதி உண்மையும்

இத்தகைய வரலாறுகளைப் பேச்சுப் போட்டி மேடைகளில் நாம் கேட்டதுண்டு. "பாருங்கள், ஏழ்மையில் பிறந்தும் முயற்சியால் முன்னேறினார்கள், முயன்றால் முடியாதது இல்லை" என்று முடிப்பார்கள். கைதட்டல் எழும். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

நான்கு ஜார்ஜுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டீவன்சனுக்கு ஓர் இரவுப் பள்ளி இருந்தது. கிரீனுக்கு ஒரு சந்தா நூலகம் இருந்தது. பூலுக்குத் தொழிலாளர் கழகத்து நூலகமும், புத்தகம் கடன் தந்த ஒரு பெரியவரும் இருந்தனர். கார்வருக்கு ஒரு தாய் உள்ளத்தின் வீடு இருந்தது. முயற்சி நால்வரிடமும் மலையளவு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவர் வாழ்விலும் யாரோ ஒருவர் திறந்து வைத்த ஒரு கதவும் இருந்தது. அந்தக் கதவு இல்லாத ஊர்களில் எத்தனை கிரீன்கள் மாவரைத்தே மாண்டார்களோ, யார் கணக்கெடுத்தார்கள்? முன்னேறாதவர்களை "முயலாதவர்கள்" என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவதற்கு இந்தப் பாதி உண்மை துணை போகிறது. ஆகவேதான் மீதியையும் சொல்ல வேண்டும் என்கிறேன்.

என்னைப் போன்றோருக்கு 'முதல் பட்டதாரி' என்று அரசு ஒரு சான்றிதழ் தருகிறது. அது நல்லதே. ஆனால் கல்லூரிக்குள் வந்தபின் எங்களைத் தடுப்பது கட்டணம் மட்டுமன்று. கிரீனைத் தடுத்த அந்தத் தயக்கமும்தான். "சந்தேகம் இருந்தால் வந்து கேளுங்கள்" என்று விரிவுரையாளர் சொல்கிறார். மரியாதைக்குச் சொல்கிறாரோ, உண்மையாகவே சொல்கிறாரோ? வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லை. துறை அறையின் வாசல்வரை போய்த் திரும்பும் மாணவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். கிரீனுக்கு அது இரண்டாண்டு; நமக்குள்ள படிப்பே மூன்றாண்டு!

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பாடநூல் எழுதுவோருக்கும் பாடம் நடத்துவோருக்கும். ஒரு தேற்றத்தைத் தொடங்குமுன் அதைக் கண்டவர் வாழ்வைப் பத்து வரிகளில் சொல்லுங்கள். "தேர்வுக்கு வராது" என்பீர்கள். வராதுதான். ஆனால் மாவு ஆலைக்காரர் ஒருவர் கண்ட தேற்றம் இது என்று தெரிந்தால், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவனுக்கு அது அன்னியமாகத் தோன்றாது. தேர்வில் அவன் விடையும் வேறாக இருக்கும்.

இரண்டாவது, கல்லூரி நிருவாகத்துக்கு. நம் நூலகம் சிறிதாயினும் நல்ல நூலகம். ஆனால் கடைசி வகுப்பு முடியும் மணியும் நூலகக் கதவு சாத்தும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. வாரத்தில் மூன்று நாளாவது ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும். நீண்ட விடுமுறைக்கு நூல்களை வீட்டுக்குத் தர வேண்டும். ஆள் போதாது என்றால், பதிவேடு எழுதவும் நூல்களை அடுக்கவும் மாணவர்கள் சிலர் முறை வைத்து வரத் தயாராக இருக்கிறோம். "கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே, நூலகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கைபேசி, கேட்டதற்கு விடை தரும். எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் நூலடுக்கும், அதனருகே ஒரு பிராம்ஹெட்டும் வேண்டும்.

மூன்றாவது, மாணவத் தோழர்களுக்கும் தோழியருக்கும். ஆசிரியர் வா என்றால், மரியாதைக்குச் சொன்னதாக எண்ணாமல் போய்க் கதவைத் தட்டுங்கள். ஆசிரியப் பெருமக்களும், தயங்கி நிற்பவர்களை எண்ணி, ஒருமுறை சொன்னதை இன்னொருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுகிறேன்.

மன்னர் ஜார்ஜுகளின் வரிசை எண் நம்மில் பலருக்கு இப்போதே மறந்துவிட்டது. மற்ற நான்கு ஜார்ஜுகளின் வேலை ரயிலிலும், தேற்றத்திலும், கணிப்பொறியிலும், கடலைக் கொல்லையிலும் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. அவர்களைப் போன்றவர்கள் நம் வகுப்பறைகளிலும் இருக்கக்கூடும். அவர்கள் பெயர் முருகன் என்றோ செல்வி என்றோ இருக்கலாம். ஊருக்குக் கடைசிப் பேருந்து ஏழு மணிக்கு என்றிருக்கலாம். அதுவரை நூலகத்தில் விளக்கு எரியட்டும்.